மெஷின்ல தைச்சா அது கைவேலை இல்லையா?

போன எபிசோடில் துண்டுத் துணிகளைச் சேர்த்து ஒரு குவில்ட்டின் மேல்துணியைத் தைத்து முடித்தோம். 5 அங்குலச் சதுரங்கள், குறுக்கே 9, நெடுக்கே 11, மொத்தம் 99. இரண்டு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போவதால் ஒவ்வொரு சதுரமும் நாலரை அங்குலமாகிவிடும். முழுசா விரித்தால் ஏறக்குறைய 40க்கு 50 அங்குலம். கைக்குழந்தையைப் படுக்க வைக்கப் போதும். சென்னையில் குவில்ட் எதுக்குன்னு கேட்கிறவங்களுக்கு, ஏசி ரூமில் சோஃபாவில் உட்கார்ந்து காலில் போட்டுக்கொள்ளவும் போதும்.

அதுக்கப்புறம் வந்த வாய்ஸ் நோட்களைக் கேட்டேன். ஒருத்தர் சொல்றாங்க: "99 சதுரமும் பாட்டி புடவைதான். சுங்குடி, செட்டிநாடு காட்டன், எல்லாம் இருக்கு. சேர்த்து முடிச்சு ஒரு மாசமாச்சு. மடிச்சு பீரோவில் வெச்சிருக்கேன். மெஷின்ல வெச்சா கெட்டுடுமோன்னு பயம்." இன்னொருத்தர்: "எங்க பெரியம்மா பார்த்துட்டு, இதுக்கு மேல கையால தைச்சாத்தான் கைவேலை, மெஷின்ல ஓட்டினா அது வெறும் பெட்ஷீட்னு சொல்லிட்டாங்க. அப்படியா?"

இரண்டும் வேற வேற கேள்வி மாதிரி இருக்கு. எனக்கு ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது. இந்த வேலையில் மெஷின் எதைச் செய்கிறது, நம்ம கை எதைச் செய்கிறது? அது புரிந்தால் பயமும் குறையும், பெரியம்மாவுக்குச் சொல்ல ஒரு பதிலும் கிடைக்கும்.

அந்த முதல் பயம் நியாயமான பயம், அதையும் சொல்லணும். சதுரங்களைச் சேர்க்கும்போது ஒன்று கோணலானால் பிரித்துத் திரும்பத் தைக்கலாம். மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்த பிறகு பிரிப்பது பெரும்பாடு. பழைய புடவையில் ஊசி போட்ட ஓட்டை அப்படியே நிற்கும். பாட்டி புடவைக்கு மாற்றுத் துணி எந்தக் கடையிலும் கிடைக்காது. அதனால் அவசரமே வேண்டாம்.

முதலில், இந்தத் தையல் எதுக்கு?

குவில்ட் என்றால் மூன்று அடுக்கு. மேலே நாம் சேர்த்த வண்ணத்துணி, கீழே ஒரு அடித்துணி, நடுவில் மெல்லிய பஞ்சுத் தகடு. அந்தப் பஞ்சுக்கு பேட்டிங் என்று பெயர், கிரிக்கெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சில கடைகளில் வாடிங் என்றால்தான் புரியும். இந்த மூன்றையும் ஒன்றாகப் பிடித்துவைக்கிற தையலுக்குத்தான் குவில்ட்டிங் என்று பெயர். வண்ணத்துண்டுகளைச் சேர்ப்பது வேற வேலை. யூடியூபில் நிறைய பேர் இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால்தான் இந்தக் குழப்பம்.

நம்ம ஊர் உதாரணமே இருக்கு. இலவம்பஞ்சு மெத்தை பார்த்திருக்கீங்களா? அங்கங்கே கெட்டி நூலால் குத்தி இழுத்து முடிச்சுப் போட்டிருப்பாங்க. குழந்தைகளாக இருந்தபோது அந்தக் குழியில் விரலை விட்டு விளையாடியிருப்போம். அந்த முடிச்சு அழகுக்குப் போட்டதில்லை. அது இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்கி, நடுவில் வெறும் துணிதான் மிஞ்சும். குவில்ட்டில் தையல் கோடும் அந்த வேலையைத்தான் செய்கிறது. துவைக்கும்போது பஞ்சு உருண்டு திரளாமல் ஒவ்வொரு கோடும் அதைத் தன் இடத்திலேயே நிறுத்திவைக்கிறது. கோட்டுக்கும் கோட்டுக்கும் எவ்வளவு இடைவெளி விடலாம் என்பது பஞ்சைப் பொறுத்தது, நல்ல பேட்டிங் பாக்கெட்டில் அச்சடித்தே கொடுப்பார்கள். சந்தேகமாக இருந்தால் 3 அங்குலத்துக்கு ஒரு கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பஞ்சே இல்லாமலும் செய்யலாம். வங்காளத்துக் காந்தா அப்படித்தான் ஆரம்பித்தது. பழைய புடவை, வேட்டிகளை அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய நூலால் நெருக்கமாக ஓட்டுத் தையல் போடுவார்கள். நைந்துபோன மூன்று துணிகள் சேர்ந்து ஒரு நல்ல துணியாக மாறிவிடும்.

நமக்கு இன்னும் பக்கத்தில், கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், யெல்லாபூர், ஹலியால் பக்கம் சித்தி மக்கள் இருக்கிறார்கள், ஆப்பிரிக்க வம்சாவளியினர். அவர்கள் வீட்டுப் பெண்கள் தைக்கிற குவில்ட்டுக்குக் கவந்தி என்று பெயர். முதலில் துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொள்வதெல்லாம் கிடையாது. அடித்துணியாக ஒரு புடவையை விரித்து, ஓரத்திலிருந்து தொடங்கி, துண்டுத் துணியை வைக்க வைக்க ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். கடைசியில் நாலு மூலையிலும் மடித்த சின்னத் துணி ஒன்று. அதற்குப் பூ என்று அர்த்தம் வருகிற பெயர். அது இல்லாமல் வேலை முடிந்ததாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், கவந்தியில் ஓரத்திலிருந்து நடுவுக்கு வருகிறார்கள். மெஷினில் நாம் நேர் எதிர், நடுவிலிருந்து ஓரத்துக்குப் போக வேண்டும். அங்கே துண்டுகளை அப்போதைக்கப்போது வைப்பதால், மிஞ்சுகிற துணியை அங்கேயே மடித்துவிடலாம். நம்ம மேல்துணியோ முழுசா சேர்த்து முடித்தது. மிஞ்சினால் போக வேறு இடமில்லை, ஓரத்துக்குத்தான் தள்ளியாக வேண்டும். மிஞ்சுமா? மிஞ்சும். மெஷினே மிஞ்ச வைக்கும்.

பல்லும் பாதமும்

எலியாஸ் ஹோவ் 1846லும் ஐசக் சிங்கர் 1851லும் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய மெஷின்களில் இருந்த அதே அடிப்படைத் தையலைத்தான் உங்க வீட்டு மெஷினும் போடுகிறது. ஊசி கொண்டுவருகிற மேல்நூலும் பாபின் நூலும் துணிக்குள்ளே ஒன்றையொன்று கோர்த்துக்கொள்ளும். அதில் சிக்கல் எதுவும் இல்லை. துணி நகர்கிற விதத்தில்தான் சிக்கல்.

ஊசிக்குக் கீழே இருக்கிற தகட்டைப் பாருங்க. ரம்பம் மாதிரி பல் வரிசை தெரியும். ஒவ்வொரு தையலுக்கும் அந்தப் பல் மேலே எழும்பி, துணியைப் பின்பக்கம் ஒரு எட்டு தள்ளி, கீழே இறங்கி, மறுபடி முன்னால் வரும். மேலே இருக்கிற பிரஷர் ஃபுட் என்ன செய்கிறது? அமுக்கிப் பிடிக்கிறது. அவ்வளவுதான். ஆக, அடித்துணியைப் பல் கவ்வித் தள்ளுகிறது; மேல்துணி பாதத்தில் உரசிப் பின்தங்குகிறது. ஜாக்கெட் தைக்கும்போது இரண்டே அடுக்கு, மெல்லிசு, அதனால் தெரிவதில்லை. நடுவில் பஞ்சு வந்துவிட்டால் தெரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. தையல் நீளம் 3 மில்லிமீட்டர் என்றால் 50 அங்குலக் கோட்டுக்குச் சுமார் 420 தையல். ஒவ்வொரு தையலுக்கும் மேல்துணி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் பின்தங்குகிறது என்று வைத்துக்கொண்டால்கூட, கோடு முடியும் இடத்தில் 4 சென்டிமீட்டர் துணி அலையாக வந்து நிற்கும். குறுக்கே இன்னொரு கோடு போனால் அந்த அலை மடிந்து, சுருக்கமாகத் தைத்துப்போகும். பயந்தது இதைத்தானே? இது உங்க கை சரியில்லை என்பதால் வருவதில்லை. மெஷினின் அமைப்பே அப்படி. இனிமேல் சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சமாளிக்கத்தான்.

தரையில்தான் பாதி வேலை

தைக்கிற நேரத்தைவிட, மூன்று அடுக்கையும் விரித்துக் கோர்க்கிற நேரத்தில்தான் குவில்ட் நன்றாக வருமா வராதா என்று முடிவாகிறது என்பது என் அபிப்பிராயம். இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை ஒதுக்குங்க.

அடித்துணியும் பஞ்சும் மேல்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் 3 அங்குலமாவது பெரிசா இருக்கணும். 40க்கு 50 என்றால் குறைந்தது 46க்கு 56. கடையில் வாங்குகிற 44 அங்குலத் துணி போதாது. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய காட்டன் சிங்கிள் பெட்ஷீட் பிரமாதமாக வரும். அதை இஸ்திரி போட்டு, நல்ல பக்கம் கீழே பார்க்கிற மாதிரி டைல்ஸ் தரையில் விரித்து, ஓரங்களை மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்க. சுருக்கமில்லாமல் நிற்கணும், ஆனால் இழுத்து ஒட்டக் கூடாது. இழுத்தால் டேப்பை எடுத்ததும் அது பழைய அளவுக்குச் சுருங்கி, மேலே எல்லாம் சுருக்கம் விழும். அதன் மேல் பஞ்சு, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவிவிடுங்க. அதன் மேல் வண்ணத்துணி. ஃபேனை மறக்காம நிறுத்திடுங்க.

பிறகு ஊக்கு. உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் எந்த இடத்தில் வைத்தாலும் கைக்கு அடியில் ஒரு ஊக்காவது அகப்படணும். நம்ம அளவுக்கு 120, 130 ஊக்கு ஆகும். ஃபேன்சி ஸ்டோரில் இவ்வளவு கேட்டால் ஒரு மாதிரிதான் பார்ப்பாங்க, வாங்கிடுங்க. தையல் கோடு எங்கே போகப்போகிறது என்று முன்பே யோசித்து அந்தக் கோட்டில் ஊக்குப் போடாமல் விடுங்க, ஊசி ஊக்கில் பட்டால் உடையும். ஊக்கே வேண்டாம் என்றால் பெரிய பெரிய ஓட்டுத் தையலாகக் கையாலேயே போட்டு, கடைசியில் உருவிவிடலாம். இதில் மெஷின் இன்னும் வரவே இல்லை, கவனிச்சீங்களா?

ஒரு எச்சரிக்கை. பாட்டி புடவைகளில் சில இடம் நைந்திருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும். அப்படிப்பட்ட சதுரங்கள் இருந்தால் அதன் மேல் குட்டித் தையலாக மெஷின் ஓட்டாதீங்க. நெருக்கமாகக் குத்துகிற ஊசி தபால்தலை ஓரம் மாதிரி ஓட்டை போட்டு, அந்தக் கோட்டிலேயே துணி கிழியும். அந்தச் சதுரங்களை மட்டும் கையால் தைப்பது நல்லது. ஒரே குவில்ட்டில் இரண்டும் இருக்கலாம், யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை.

நேர்கோடு

புது ஊசி போடுங்க, 14ஆம் நம்பர். தையல் நீளம் 3 மில்லிமீட்டர். பிரஷர் ஃபுட் கம்பிக்கு மேலே ஒரு திருகு இருக்கும், அதை லேசாகத் தளர்த்தினால் அமுக்கம் குறையும். வாக்கிங் ஃபுட் என்று ஒரு பாதம் தனியாகக் கிடைக்கிறது. பெரிசா, பார்க்கவே முரட்டுத்தனமா இருக்கும். அதற்குள் தனியாகப் பல் உண்டு. பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற கை ஊசித் திருகின் மேல் உட்காரும். ஊசி ஏறி இறங்க, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேர்ந்து துணியை நகர்த்தும். மேல்துணி பின்தங்குவது பெருமளவு நின்றுவிடும். இந்த வேலைக்கு ஒரே ஒரு சாமான் வாங்கலாம் என்றால் இதைத்தான் வாங்கச் சொல்வேன். உங்க மெஷினுக்குப் பொருந்துமா என்று பாதத்தைக் கழற்றி எடுத்துப்போய்க் காட்டி வாங்குங்க.

வீட்டில் பாட்டி காலத்துக் கறுப்பு மெஷின், மிதிக்கிற மேசையோடு இருந்தால் நீங்க அதிர்ஷ்டசாலி. நேர்கோட்டுத் தையலைத் தவிர அதற்கு வேறு தெரியாது, ஆனால் அதை அழகாகப் போடும். அதோட, அந்த மெஷின் மரப்பலகைக்குள் பதிந்து, பலகையும் தகடும் ஒரே மட்டத்தில் இருக்கும். குவில்ட் தைக்கிறவங்களுக்கு இந்தச் சமதளம் பெரிய வரம். புது மெஷின் என்றால் இடது பக்கம் இன்னொரு மேசையைப் போட்டு, புத்தகம் அடுக்கியாவது உயரத்தைச் சரிபண்ணுங்க. குவில்ட் மேசையிலிருந்து தொங்கினால் அதன் கனமே துணியைப் பிடித்து இழுக்கும், தையல் ஒரு இடத்தில் குறுகும், ஒரு இடத்தில் நீளும்.

வலது பக்கத்தில் ஊசிக்கும் மெஷின் உடம்புக்கும் நடுவில் இருக்கிற இடம் வீட்டு மெஷினில் ஆறு, ஏழு அங்குலம்தான். அதற்குள் பாதிக் குவில்ட் போகணும். பாய் மாதிரி சுருட்டி உள்ளே தள்ளுங்க. நடுக்கோட்டை முதலில் தைத்து, பிறகு அதற்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ஓரத்துக்கு நகருங்க. ஒவ்வொரு கோடும் மிஞ்சுகிற துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிக்கொண்டே போகும்.

சதுரங்கள் சேர்கிற பள்ளத்திலேயே ஓட்டுவதுதான் சுலபம் என்று எல்லோரும் நினைக்கிறோம். எனக்குத் தெரிந்து அதுதான் கஷ்டம். ஒரு நூலளவு விலகினாலும் பளிச்சென்று தெரியும். முதல் குவில்ட்டுக்கு லேசான அலைக்கோடு போடுங்க. துணியை மெதுவாக இடதும் வலதுமாக அசைத்தால் போதும். அலை எங்கே கோணல், எங்கே வேணும்னே வளைத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

வளைகோடு, கோலம்

இனிமேல்தான் பெரியம்மாவுக்கான பதில். இரண்டாவது முறைக்கு ஃப்ரீ மோஷன் என்று பெயர். பல்லை அடியோடு இறக்கிவிடுவது. சில மெஷினில் அதற்கு ஒரு குமிழ் இருக்கும், சிலவற்றில் பல்லை மூட ஒரு தகடு. தையல் நீளத்தைப் பூஜ்யத்தில் வைத்து, துணியை லேசாக மட்டும் தொடுகிற ஒரு பாதத்தை மாட்டணும். இப்போது மெஷின் துணியைத் தள்ளாது. ஊசி மேலும் கீழும் போய் வரும், அவ்வளவுதான். துணியை எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் நகர்த்துவது என்பது முழுக்க இரண்டு கையின் வேலை.

நம்ம ஊரில் இது புதுசே இல்லை. மெஷின் எம்பிராய்டரி போடுகிற அக்காக்களைப் பாருங்க. பாதத்தையே கழற்றி வைத்துவிட்டு, வளையத்தில் துணியை இறுக்கி, கையால் நகர்த்தித்தான் பூவும் மயிலும் போடுகிறார்கள். உங்க தெருவில் அப்படி ஒருத்தர் இருந்தால், ஃப்ரீ மோஷன் குவில்ட்டிங்கில் பாதியை அவங்ககிட்டயே கத்துக்கலாம்.

இதில் ஒரு தையலின் நீளத்தைத் தீர்மானிப்பது யார்? மெஷின் இல்லை. ஊசி வேகமாகப் போய், கை மெதுவாக நகர்ந்தால் குட்டிக் குட்டித் தையல். கை வேகமாக, ஊசி மெதுவாக என்றால் நீள நீளத் தையல். காலும் கையும் தாளம் சேர வேண்டும். ஒரு அடிச் சதுரத்தில் மூன்று அடுக்குச் சாம்பிள் ஒன்று செய்து, தினமும் பத்து நிமிஷம் அதில் ஓட்டுங்க. குவில்ட்டை எடுப்பதற்கு முன்பும் அதே சாம்பிளில் ஒரு நிமிஷம். மேல்பக்கத்தில் பாபின் நூல் புள்ளி புள்ளியாக எட்டிப் பார்த்தால் மேல்நூல் டென்ஷன் அதிகம், குறைக்கணும். திருப்பிப் பார்க்கும்போது அடியில் மேல்நூல் கண்ணி கண்ணியாகத் தொங்கினால் டென்ஷன் போதவில்லை. வளைவில் மட்டும் அடியில் கண்ணிமை மயிர் மாதிரி நூல் நிற்கிறதென்றால், வளைவில் உங்க கை பறக்கிறது என்று அர்த்தம். ஆரம்பிக்கும்போது கைச்சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, பாபின் நூலை மேலே இழுத்து இரண்டு நூலையும் பிடித்துக்கொண்டு தொடங்கினால் அடியில் நூல் சிக்குக் கட்டாது.

என்ன வடிவம் போடுவது? ஒவ்வொரு முறை நூலை அறுக்கும்போதும் முடிச்சுப் போட்டு, நுனியை ஊசியில் கோர்த்துப் பஞ்சுக்குள் ஒளிக்க வேண்டியிருக்கும். அதனால் கையெடுக்காமல் போய்க்கொண்டே இருக்கிற கோடுதான் நல்லது. இதற்குப் புத்தகம் வாங்கத் தேவையில்லை. சிக்குக் கோலம் இருக்கே! புள்ளியைத் தொடாமல் அதைச் சுற்றிச் சுற்றி வளைந்து போகிற கோடு. நம்ம மேல்துணியில் நாலு சதுரங்கள் சந்திக்கிற ஒவ்வொரு மூலையையும் ஒரு புள்ளியாக வைத்துக்கொள்ளுங்க. குறுக்கே 8, நெடுக்கே 10, மொத்தம் 80 புள்ளி தானாகவே அமைந்திருக்கிறது. அந்த மூலைகளில்தான் தையலுக்குள் போன துணியெல்லாம் குவிந்து தடிமனாக இருக்கும், ஊசி அங்கேதான் திணறும். கோலக்கோடு புள்ளியைச் சுற்றிப் போவதால் ஊசி அந்தத் தடிமனில் ஏறவே ஏறாது. காகிதத்தில் பத்து தடவை போட்டுப் பழகினால் கைக்கு வழி தெரிந்துவிடும்.

சரி, கைவேலையா இல்லையா?

அமெரிக்காவின் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர் ஹாரியட் பவர்ஸ். பைபிள் கதைகளைத் துணியில் வெட்டி ஒட்டித் தைத்த அவருடைய குவில்ட் 1886இல் ஏதென்ஸ் என்கிற ஊரில் நடந்த பருத்திக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. பிறகு பணக்கஷ்டத்தில் அதை 5 டாலருக்கு விற்றார். இன்று அது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அமெரிக்க நாட்டுப்புறக் கலையின் உச்சம் என்று கொண்டாடப்படுகிற அந்தக் குவில்ட்டில் கைத்தையலும் இருக்கிறது, மெஷின் தையலும் இருக்கிறது.

ஆனால் போட்டிகளில் நிலைமை வேற. நீண்ட காலம் கையால் குவில்ட் செய்ததற்குத்தான் பெரிய பரிசு. கென்டக்கி மாநிலத்தில் படூகா என்று ஒரு ஊர், அங்கே அமெரிக்கக் குவில்ட்டர்கள் சங்கம் நடத்துகிற போட்டியில் 1989இல்தான் முதல்முறையாக மெஷினில் குவில்ட் செய்த ஒன்று ஒட்டுமொத்த முதல் பரிசை வாங்கியது. கேரில் பிரையர் ஃபாலர்ட் செய்தது, சூரிய கிரகணத்தைப் பற்றிய குவில்ட். பலருக்குப் பிடிக்கவில்லை, பெரிய வாக்குவாதமே நடந்தது. ஆக, பெரியம்மா தனியாள் இல்லை.

இன்னொருத்தர் சொன்னதும் எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். 1924இல் சாந்திநிகேதன் மாணவர் ஜி. ராமச்சந்திரன், பின்னாளில் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தை உருவாக்கியவர்களில் ஒருவர், காந்தியிடம் கேட்கிறார்: நீங்கள் எல்லா இயந்திரங்களுக்கும் எதிரியா என்று. இராட்டையே ஒரு இயந்திரம்தானே என்ற காந்தி, சிங்கர் தையல் மெஷினுக்கு விலக்குக் கொடுக்கிறார். மனைவி கையால் தைத்துத் தைத்துப் படுகிற கஷ்டத்தைப் பார்த்து, அவள்மேல் இருந்த அன்பால் சிங்கர் அதைச் செய்தார் என்பது காந்தி சொன்ன காரணம். சிங்கரின் நிஜ வாழ்க்கை வரலாறு அவ்வளவு இனிமையானது இல்லை, அது வேற எபிசோட். ஆனால் கையின் பாரத்தைக் குறைக்கிற மெஷின், கையையே வேண்டாம் என்கிற மெஷின் என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்தாரே, அந்தப் பிரிப்பு இங்கே அப்படியே பொருந்துகிறது.

நான் எங்கே கோடு போடுவேன் என்றால், கம்ப்யூட்டரில் டிசைனைக் கொடுத்துவிட்டு காபி குடிக்கப் போனால் அது மெஷின் வேலை. இரண்டு கையாலும் துணியைப் பிடித்து, ஒவ்வொரு தையலின் நீளத்தையும் நீங்களே தீர்மானித்தால் அது கைவேலை. அதற்காக இரண்டும் ஒன்று என்று சொல்லமாட்டேன். கையால் போட்ட ஓட்டுத் தையலில் தையலுக்கும் தையலுக்கும் நடுவில் இடைவெளி இருக்கும், துணி தளர்ந்து மெத்தென்று விழும். மெஷின் கோடு இடைவெளியில்லாமல் ஓடும், நெருக்கிப் போட்டால் விறைப்பாகிவிடும். கைத்தையலை நம்பிப் பிழைக்கிற காந்தாப் பெண்களும் கவந்திப் பெண்களும் இருக்கிறார்கள். மெஷினில் ஓட்டியதைக் கைத்தையல் என்று சொல்லி விற்றால் அவர்கள் வயிற்றில் அடிக்கிற வேலை. நீங்க விற்கிற ஐடியா இருந்தால் மெஷினில் குவில்ட் செய்தது என்று லேபிளிலேயே எழுதுங்க.

மிச்சம் கொஞ்சம்தான். மிஞ்சிய பஞ்சையும் அடித்துணியையும் ஓரமாக வெட்டி நேராக்குங்க. இரண்டரை அங்குல அகலத்தில் 5 பட்டை, 44 அங்குலத் துணியில் வெட்டினால் நம்ம குவில்ட்டைச் சுற்றி வரும். ஓரம் நேராக இருப்பதால் கிராஸ் பீஸ் தேவையில்லை. பட்டைகளைச் சேர்த்து, நீளவாக்கில் இரண்டாக மடித்து, மேல்பக்கம் மெஷினில் தைத்து, பின்பக்கம் திருப்பிக் கையால் ஹெம்மிங். பெரியம்மாவை இதற்குக் கூப்பிடுங்க, மனசு மாற வாய்ப்பிருக்கு.

கடைசியாக முதல் துவையல். சதுரம் வெட்டுவதற்கு முன்பே சுங்குடியையும் சிவப்பு, கருநீலத் துணிகளையும் தனித்தனியாக நனைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்திருப்பீங்க. ஆனாலும் முதல் தடவை குளிர்ந்த தண்ணீரில், நிறையத் தண்ணீர் விட்டு, தனியாகத் துவையுங்க. சாயம் இறங்குவது தெரிந்தால் காயவிடாமல் உடனே மறுபடி அலசணும். ஈரத்தோடு கொக்கியில் தொங்கவிடாதீங்க, மொட்டைமாடியில் பாய் விரித்து அதன் மேல் நிழலில் காய வையுங்க. பருத்திப் பஞ்சு போட்டிருந்தால் அது கொஞ்சம் சுருங்கும். ஒவ்வொரு தையல் கோட்டுக்கும் நடுவில் துணி லேசாக உப்பி, முழுக்க மெல்லிய சுருக்கம் விழும். இஸ்திரி போட்டு அதை எடுத்துடாதீங்க. ஆரம்பத்தில் கோணலாகப் போன கோடுகளைத் தேடிப் பாருங்க, அந்தச் சுருக்கத்துக்குள் எங்கே போச்சுன்னே தெரியாது.